முதலீட்டு பாங்கியும் மூன்றாவது கிரிவலமும்

நம் நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன. ஏழை வீடாயிருந்தால் "கடவுள் கிருபை" என்கிறார்கள். பணக்கார வீடாயிருந்தால் "தகுதி, திறமை" என்கிறார்கள். கிடைக்காமற் போனாலும் கணக்கு இதுதான். ஏழை வீட்டில் "சாமி குற்றம்" என்று அழுகிறார்கள். பணக்கார வீட்டிலோ, "வேறோர் இடத்தில் சொல்லி வைக்கிறேன்" என்று டெலிபோனைக் கையில் எடுக்கிறார்கள்.

இந்தக் கடவுள் கிருபை, தகுதி என்கிற இரண்டு பேச்சுக்களும் பார்வைக்கு வேறு வேறாகத் தோன்றினாலும், செய்கிற வேலை ஒன்றேயாகும். அதாவது, அந்த வேலையை யார் கொடுக்கிறார்கள், எதை அளந்து கொடுக்கிறார்கள், அளந்த கோலைக் கண்ணால் கண்டவர் யார் என்கிற கேள்வியை ஒருவரும் கேளாதபடி வாயை அடைப்பதேயாகும். இதற்குச் சென்ற கோடையில் நமது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு சங்கதியே போதுமான சாட்சியாகும்.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே சாலையோரம் இருக்கின்ற நமது ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் மும்பையில் ஒரு முதலீட்டு பாங்கியில் இரண்டு மாதம் கோடைக்கால வேலைப் பழகலுக்கு, அதாவது இன்டர்ன்ஷிப் என்று சொல்லப்படுவதற்கு, போய் வந்தார். தகப்பனார் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற சிறு விவசாயி. இளைஞர் படித்தது சர்க்கார் பள்ளியில், தமிழில். பிறகு திருவண்ணாமலை அரசினர் கலைக் கல்லூரியில் வாணிபம் படித்து, அகில இந்தியப் பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரின் மேலாண்மைக் கழகம் ஒன்றில் வகுப்புரிமை இடத்தில் சேர்ந்தவர். அவர் பெயரும் அந்த பாங்கியின் பெயரும் நமக்கு இங்கே தேவையில்லை. அவர் கண்டு வந்து சொன்னதே தேவை.

முதலில் இந்த முதலீட்டு பாங்கி என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பலர் அதை, பணம் போட்டு எடுக்கிற பாங்கியைப் போல் ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது தரகுக் கடை. மல்லாட்டை மூட்டையைக் கொண்டு போகிற குடியானவனுக்கும் எண்ணெய்ச் செக்குக்காரனுக்கும் நடுவே கமிஷன் மண்டிக்காரர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ, அப்படியே பணம் தேவைப்படுகிற கம்பெனிக்கும் பணம் வைத்திருக்கிறவர்களுக்கும் நடுவே இது உட்கார்ந்திருக்கிறது. ஒரு கம்பெனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க வேண்டுமானால் அதன் கணக்கைச் சீர்பார்த்து, அறிக்கை தயாரித்து, செபி என்கிற சர்க்கார் கண்காணிப்பு ஸ்தாபனத்துக்கு அனுப்பி, ஒரு பங்கு இன்ன விலை முதல் இன்ன விலை வரை என்று வரம்பு கட்டி, பெரிய முதலீட்டுக்காரர்களிடம் போய் எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று கேட்டு விற்றுக் கொடுக்கிறது. ஒரு கம்பெனி மற்றொரு கம்பெனியை வாங்கும்போதும் நடுவில் நின்று விலை பேசுகிறது. பேசியதற்கு 100-க்கு இவ்வளவு என்று கூலி எடுத்துக் கொள்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அந்த விஷயந்தான். துண்டுக்குப் பதில் இங்கிலீஷ் இருக்கிறது.

இதைக் கேவலமாகச் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தரகு ஒரு தொழில். நாணயமாய்ச் செய்தால் சமூகத்துக்குப் பிரயோஜனமுள்ள தொழில். நாம் சொல்லுவதெல்லாம், அதில் தெய்வ இரகசியம் ஒன்றும் இல்லை என்பதே. மேற்படி இளைஞர் போன முதல் வாரத்தில் அங்கே பேசிய வார்த்தைகளில் பாதி அவருக்கு விளங்கவில்லையாம். பயந்து போய் இரவெல்லாம் அவற்றின் அர்த்தத்தைத் தேடிப் பார்த்தபோது, எல்லாம் தான் வாணிப வகுப்பில் படித்த வட்டிக் கணக்கும், வரவு செலவுக் கணக்கும், சதவீதமும்தான் என்று தெரிந்ததாம். அர்ச்சகருக்குச் சமஸ்கிருதம் எதற்குப் பிரயோஜனப்படுகிறதோ, அதற்கே இங்கேயும் அந்தப் பாஷை பிரயோஜனப்படுகிறது. கேட்கிறவனுக்கு விளங்கிவிட்டால் தட்டில் காசு விழாது அல்லவா?

நிற்க, அவர் செய்த வேலையைக் கவனிப்போம். காலை 10 மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு முன்னால் அறைக்குத் திரும்பிய நாட்கள் மிகக் குறைவு. கம்பெனிகளின் பழைய கணக்குகளைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாய் நிரப்புவதும், ஒரு கம்பெனியை அதைப் போன்ற பத்துக் கம்பெனிகளோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவதும், கட்சிக்காரருக்குக் காட்டும் படப் பக்கங்களைத் தயாரிப்பதும் வேலை. பகல் முழுவதும் மேலே இருப்பவர்கள் கூட்டங்களில் இருப்பார்கள். இரவு 10 மணிக்குத் திருத்தங்கள் வரும். இந்தச் சின்னத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு, அந்த எழுத்தைச் சிறிதாக்கு, நாளைக் காலை 8 மணிக்கு வேண்டும் என்பார்கள். வேலை இல்லாத நாளிலும் மேலதிகாரி எழுந்திருக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. பண்ணையாருக்கு முன் துண்டை இடுப்பில் கட்டி நின்ற காலம் போய்விட்டது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே கழுத்தில் அடையாள அட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே வித்தியாசம்.

நல்லதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் அவர் தகப்பனார் மல்லாட்டையில் பல வருஷம் காணாத தொகை. கணக்கைத் தப்பில்லாமல் போடவும், ஒரு கம்பெனியின் அறிக்கையைப் பிரித்துப் பார்த்து எங்கே கடன் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டார். மேலே இருந்தவர்களில் ஒரு பெண்மணி இரவு 12 மணிக்கு மேல் உட்கார்ந்து இவருக்குச் சந்தேகம் தீர்த்தாராம். ஆகவே அங்கிருப்பவர்கள் எல்லாம் அரக்கர்கள் என்பதல்ல நமது வாதம். ஏற்பாட்டைப் பற்றியே பேசுகிறோம்.

ஒரு நாள் ஒரு கம்பெனிக்கு மதிப்புப் போடச் சொன்னார்கள். இனிமேல் அந்தக் கம்பெனி வருஷத்துக்கு 100-க்கு 12 வீதம் வளரும் என்று வைத்தால் ஒரு மதிப்பு வருகிறது. 15 என்று வைத்தால் வேறொரு பெரிய மதிப்பு வருகிறது. இவர் 12 என்று போட்டார். 15 என்று மாற்றச் சொன்னார்கள். "அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். "கட்சிக்காரர் மனதிலுள்ள விலைக்கு அதுதான் சரியாய் வருகிறது" என்று பதில் வந்ததாம். பிறந்த நேரத்தை நாலு நிமிஷம் முன்னே பின்னே தள்ளி லக்கினத்தை மாற்றுகிற ஜோசியர் செய்வதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்கிறோம். ஒரு பேதம் உண்டு. ஜோசியம் பொய்த்தால் கிரகத்தின் மேல் போட்டுவிடலாம். பங்கு விலை பொய்த்தால் மார்க்கெட் மறுநாளே காட்டிவிடும். 2021 நவம்பரில் பேடிஎம் கம்பெனியின் பங்கைப் பெரிய பெரிய பாங்கிகள் எல்லாம் கூடி மதிப்புப் போட்டு, ஒன்று 2,150 ரூபாய் என்று, சுமார் 18,300 கோடி ரூபாய்க்கு விற்றுக் கொடுத்தன. மார்க்கெட்டுக்கு வந்த முதல் நாளே 100-க்கு 27-க்கு மேல் விழுந்து 1,564 ரூபாயில் நின்றது. இத்தனை மேதாவிகள் இரவு 2 மணி வரை கண்விழித்துப் போட்ட கணக்கு ஒரு பகல் தாங்கவில்லை. இதைத்தான் தகுதி என்றும் திறமை என்றும் நம்மைக் கும்பிடச் சொல்லுகிறார்கள்.

அன்றியும், இந்தக் கணக்குப் புலிகள் கூடுகிற பங்கு மார்க்கெட்டிலேயே தீபாவளியன்று "முகூர்த்த வியாபாரம்" என்று ஒரு மணி நேரம் நல்ல நேரம் குறித்து வியாபாரம் நடக்கிறது. லட்சுமி படத்துக்குப் பூசை நடக்கிறது. உலகத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்குச் சொல்லுகிறவர்கள், லட்சுமி எந்த நாழிகைக்கு வருவாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். இரண்டு மாதம் முடிந்ததும், பழகிய மாணவர்களில் சிலருக்கு, "படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வந்துவிடு" என்று முன்கூட்டியே உத்தரவு கொடுப்பது வழக்கம். நம் இளைஞருக்குக் கொடுக்கவில்லை. காரணம் கேட்டார். "உன் வேலையில் குறையில்லை. ஆனால் நீ எங்களோடு ஒட்டவில்லை" என்றார்களாம்.

வீட்டுக்கு வந்தார். வீட்டில் காரணம் தயாராய் இருந்தது! மும்பைக்குப் போகுமுன் மூன்று பௌர்ணமி கிரிவலம் வருவதாக அவர் தாயார் வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு நடந்தார்கள். மூன்றாவது பௌர்ணமிக்குள் புறப்பட வேண்டி வந்துவிட்டது. "அந்த மூன்றாவது கிரிவலம் பாக்கி நின்றதால்தான் கை நழுவிப் போயிற்று" என்று தாயார் அழுகிறார். அக்கம் பக்கத்தார் ஆமாம் என்கிறார்கள். அந்த அம்மையாரை நாம் பரிகசிக்கவில்லை. மகன் மேலுள்ள பிரியத்தால் 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலால் இரண்டு முறை சுற்றியவர் அவர். ஆனால் அவருடைய அழுகையால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள். "ஒட்டவில்லை" என்றால் என்ன அர்த்தம் என்று மும்பையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, திருவண்ணாமலையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பழியெல்லாம் பாக்கி நின்ற ஒரு நடையின் மேல் போய்விட்டது. பாங்கி ஒரு காசு செலவில்லாமல் தப்பித்துக்கொண்டது. மூடநம்பிக்கையால் என்ன கெடுதி, அவரவர் மனத்திருப்திக்காகத்தானே என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். மூடநம்பிக்கை என்பது அநியாயக்காரனுக்குச் சம்பளமில்லாத வக்கீலாகும்.

சரி, "ஒட்டவில்லை" என்பதற்கு என்ன அர்த்தம்? இந்த மேலாண்மைக் கழகங்களில் மாணவர்கள் சேருவது ஜூன் மாத வாக்கில். கோடைப் பழகலுக்குக் கம்பெனிகள் வந்து ஆள் பொறுக்குவது அதே வருஷம் அக்டோபர், நவம்பரில். நாலைந்து மாதத்தில் கல்லூரி என்ன கற்றுக் கொடுத்திருக்க முடியும்? ஆகவே கல்லூரியில் படித்ததைப் பார்த்து எடுப்பதில்லை. அதற்கு முன்னால் என்ன இருந்ததோ அதைப் பார்த்தே எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் எந்தப் பள்ளி, இங்கிலீஷ் நாக்கில் எப்படிப் புரளுகிறது, முன்பே எந்தக் கம்பெனியில் பழகினாய், என்ன விளையாட்டுத் தெரியும் என்பவைகளே அளவுகோல்கள். இவை எல்லாம் தகப்பனுடைய பணத்தாலும் தகப்பனுடைய சிநேகத்தாலும் வருபவை. பிறகு இரண்டு மாதம் பழகும்போது, சாப்பாட்டு மேஜையில் எந்தச் சினிமா, எந்த வெளிநாட்டு ஊர், எந்த ஓட்டல் என்று பேச்சு நடக்கிறது. மல்லாட்டைக் காட்டிலிருந்து போன பையன் அதில் என்ன பேசுவான்? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பான். வேலையைப் பார்த்ததற்கே "ஒட்டவில்லை" என்று பெயர்.

நம் இளைஞர்தான் எல்லோரிலும் சிறந்தவர், அவருக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று நாம் வாதிக்க வரவில்லை. ஒருவேளை மற்றவர்கள் அவரைவிட நன்றாய்ச் செய்திருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லட்டும். இன்ன வேலைக்கு இவ்வளவு மார்க்கு, உனக்கு இவ்வளவு, அவனுக்கு இவ்வளவு என்று காகிதத்தில் காட்டட்டும். "வேலையில் குறையில்லை" என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டு, ஒட்டவில்லை என்றால், எதோடு ஒட்டவில்லை என்பதை அவர்கள்தானே சொல்ல வேண்டும்?

இது நமது கற்பனை என்று சிலர் சொல்லக்கூடும். 2010-ஆம் வருஷக் கணக்கின்படி இந்தியாவின் 1,000 பெரிய கம்பெனிகளின் டைரக்டர்கள் எந்தெந்த ஜாதியார் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2012-இல் வெளியிட்டார்கள். 100-க்கு சுமார் 93 பேர் மேல்ஜாதி என்று சொல்லப்படுகிறவர்கள். அதற்கு முன் 2007-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஒரே மாதிரிப் படிப்பும் யோக்கியதையும் எழுதி, பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு மனுக்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தாழ்த்தப்பட்டவர் என்று தெரியும் பெயருக்கும், முஸ்லிம் பெயருக்கும், மேல்ஜாதிப் பெயருக்கு வந்ததைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. காகிதத்தில் இருக்கும் பெயரே ஒட்டாதபோது ஆள் எப்படி ஒட்டுவான்? பார்ப்பனியம் என்று நாம் சொல்லுவது ஏதோ ஒரு வகுப்பில் பிறந்தவர்களைத் திட்டுவதற்கல்ல. பிறப்பால் வந்த வசதியைத் தகுதி என்று பெயரிட்டு, அந்தப் பெயராலேயே மற்றவனை வெளியே நிறுத்துகிற குணம் எந்த ஜாதியாரிடம் இருந்தாலும் அதற்கு அதுதான் பெயர்.

நம் நாட்டில் வேலைப் பழகல் என்பதும் புதிதல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக் கடைகளில் சின்னப் பையன்களைப் பெட்டியடிப் பையன் என்று வைத்துக் கணக்குப் பழக்கி, அடுத்தாள் ஆக்கி, பிறகு ஏஜெண்டாக்கிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பினார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் பெரும்பாலும் அவர்கள் இனத்துக்குள்ளேயே நடந்த பயிற்சி. அதை அவர்கள் "குலத் தொழில்" என்று வெளிப்படையாய்ச் சொன்னார்கள். இன்றைய முதலீட்டு பாங்கிகளும் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஆள் தேடிக்கொண்டு, "உலகப் போட்டி" என்கின்றன. பழைய செட்டியார் கடையில் இருந்த நேர்மை இதில் இல்லை.

இதற்கு மாறாக, சர்க்கார் உத்தியோகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி உத்தரவு பிறந்து, 1928-இல் தோழர் எஸ். முத்தையா முதலியார் மந்திரியாயிருந்த காலத்தில் அமலுக்கு வந்தபோது, 12 இடங்களை இன்னின்ன வகுப்பாருக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். "தகுதி போச்சு, நாடு போச்சு" என்று அப்போதும் கூச்சல் போட்டார்கள். நாடு போகவில்லை. 1969 ஜூலை 19-இல் 14 பாங்கிகள் தேசியமாக்கப்பட்டன. சென்னையில் பிறந்த இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும் அவற்றில் சேர்ந்தவை. அதன் பிறகே, பத்திரிகையில் விளம்பரம், எல்லோருக்கும் ஒரே பரீட்சை, அதில் வகுப்புக்கு இவ்வளவு என்று ஏற்பட்டு, கிராமத்துப் பிள்ளைகளும் பாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததால் பாங்கி முழுகிவிட்டதா? சென்னையில் 1906-இல் முழுகிய ஆர்பத்நாட் கம்பெனியை நடத்தியவர்கள் வெள்ளைக்காரப் பிரபுக்கள். 2008-இல் முழுகி உலகத்தையே ஆட்டிய லேமன் பிரதர்ஸ் 158 வருஷத்துப் பழைய அமெரிக்க முதலீட்டு பாங்கி. இரண்டிலும் வகுப்புரிமையால் வந்தவர் ஒருவரும் இல்லை.

"அது சர்க்கார் பணம், இது தனியார் பணம், அவர்கள் இஷ்டப்பட்டவரை வைத்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். தனியார் பணமா? 1956-இல் 245 இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனங்களைச் சேர்த்து ஏற்பட்ட எல்.ஐ.சி.யில் கட்டுகிற பிரீமியம் யாருடையது? நமது ஊரில் மாதா மாதம் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். தொழிலாளரின் வைப்பு நிதியில் ஒரு பகுதி 2015 முதல் பங்கு மார்க்கெட்டுக்குப் போகிறது. அது யாருடைய வியர்வை? 2022 மே மாதத்தில் அதே எல்.ஐ.சி.யின் 100-க்கு 3½ பாகத்தைச் சுமார் 20,500 கோடி ரூபாய்க்கு சர்க்கார் விற்றபோது, விற்றுக் கொடுத்தவை பத்து முதலீட்டு பாங்கிகள். ஒரு பங்கு 949 ரூபாய் என்று விற்றார்கள். மார்க்கெட்டுக்கு வந்த அன்றே அதற்குக் கீழே விழுந்தது. பொதுஜனங்களின் சொத்தை விற்கத் தரகு செய்யலாம், பொதுஜனங்களின் பிள்ளை மட்டும் ஒட்டமாட்டானா?

இன்னொன்று. உள்ளே போனவர்களுடைய கதிதான் என்ன? 2013 ஆகஸ்டில் லண்டனில் ஓர் அமெரிக்க பாங்கியில் கோடைப் பழகலுக்கு வந்திருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர், பழகல் முடியும் தறுவாயில் தம் அறையில் இறந்து கிடந்தார். விசாரணையில் வலிப்பு நோயால் மரணம் என்று தீர்ப்பாயிற்று. களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது என்றார் விசாரித்த அதிகாரி. நாமும் அதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் 2015-இல் கோல்ட்மன் சாக்ஸ் என்ற பாங்கி, பழகும் மாணவர்கள் இரவு 12 மணிக்கு மேல் காலை 7 மணி வரை ஆபீசில் இருக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டது. இதைப் பெரிய கருணை என்று பேசினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 17 மணி நேரம் இருக்கிறது! 2024-இல் ஜே.பி. மார்கன் பாங்கி இளைய உத்தியோகஸ்தர்களுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு 80 மணிதான் என்று வரம்பு கட்டியது. இந்தியாவில் டாக்டர் அம்பேத்கர் தொழில் இலாகாவை நிர்வகித்த காலத்தில் 1946-இல் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று சட்டம் ஏற்பட்டது. 1923 மே முதல் தேதி சென்னையில் தோழர் சிங்காரவேலு மே தினம் கொண்டாடிய காலந்தொட்டு எவ்வளவோ பேர் பாடுபட்டதின் பலன் அது. தமிழ்நாட்டில் 2023-இல் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா வந்தபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் அது வாபஸ் வாங்கப்பட்டது. மில் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. கோட்டுப் போட்ட கூலிக்குச் சங்கம் இல்லை. "நான் கூலியல்ல" என்ற கர்வந்தான் இருக்கிறது. அந்தக் கர்வத்தை வைத்தே 80 மணி வாங்குகிறார்கள். தூக்கத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறவன் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் சுயமரியாதைக்காரனாக முடியாது.

"இவ்வளவு குற்றம் சொல்லுகிறீர்களே, நம் பிள்ளைகள் அங்கே போகக் கூடாதென்கிறீர்களா?" என்று கேட்கலாம். போகவே கூடாதென்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். கோவிலுக்குள் கடவுள் இல்லை என்று சொல்லுகிற நாமேதான், கோவிலுக்குள் நுழைய எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்றும் கேட்டோம். உள்ளே இருப்பது பெரிய வஸ்து என்பதற்காக அல்ல. வெளியே நிறுத்துவது மானக்கேடு என்பதற்காக. இதுவும் அப்படியே. அதிலும் கோவிலுக்குள் கல் இருக்கிறது, இங்கே நாட்டின் பணம் இருக்கிறது. எந்த ஊரில் தொழிற்சாலை வருவது, எந்தக் கம்பெனிக்குக் கடன் போவது என்பவை தீர்மானமாகிற மேஜையில் கீழ்பென்னாத்தூரைப் பார்த்தே அறியாதவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் கீழ்பென்னாத்தூருக்கு என்ன கிடைக்கும்?

ஆகவே செய்ய வேண்டியவை சில சொல்லுகிறோம். முதலாவது, பொதுச் சொத்தை விற்கும் வேலையோ, பொதுப் பணத்தைக் கையாளும் வேலையோ பெறுகிற எந்த பாங்கியும், கோடைப் பழகலுக்கு ஆள் எடுப்பதைப் பகிரங்கமாய் விளம்பரம் செய்து, அளவுகோலை முன்கூட்டி அச்சிட்டு, யார் யாரை எடுத்தது, எந்தெந்த வகுப்பார் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் வெளியிட வேண்டும். இதை சர்க்கார் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாய்ச் சேர்த்தால் போதும். இரண்டாவது, மேலாண்மைக் கழகத்தில் வகுப்புரிமை இடம் கொடுத்தால் மாத்திரம் போதாது. அங்கு வந்து ஆள் பொறுக்குகிற தனியார் கம்பெனிகளிலும் வகுப்புரிமை வேண்டும். மூன்றாவது, பழகுகிறவனும் தொழிலாளியே என்று சட்டம் ஒப்புக்கொண்டு, அவனுக்கும் மணிக்கணக்கும் ஓய்வு நாளும் ஏற்பட வேண்டும். நான்காவது, வேண்டாம் என்று அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. நமது ஊர் வாசகசாலையில் வாரம் ஒரு மாலை, ஒரு கம்பெனியின் வருஷாந்திர அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு தமிழில் படித்துக் கணக்குப் பழகலாம். மேற்படி இளைஞர் அதைச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து முதல் பாடத்தை எட்டாம் வகுப்பு வரை படித்த நாமே கற்றுக்கொண்டோம் என்றால், கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்ன கஷ்டம்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ்ஸுக்கும் கற்பூரத்துக்கும் செலவாகிற காசில் ஒரு பகுதியை ஒதுக்கினால், வெளியூருக்குப் பழகப் போகிற பிள்ளைகளுக்கு முதல் மாத வாடகைக்கு ஆகும். வீட்டில் பெரியவர்கள், பிள்ளை வேலையில்லாமல் திரும்பி வந்தால், எந்த வேண்டுதல் பாக்கி என்று தேடுவதை விட்டு, "என்ன காரணம் சொன்னார்கள்? யார் சொன்னது? எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்கப் பழக வேண்டும்.

அந்த இளைஞர் இன்னொரு பாங்கிக்கு மனுப் போட்டிருக்கிறார். இந்த முறை தம்மை எந்த அளவுகோலால் அளக்கப் போகிறீர்கள் என்று மனுவோடு சேர்த்தே எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வருமோ வராதோ, கேட்டதே நமக்குத் திருப்தி. இவ்வருஷம் பழகப் போகிற மாணவர்கள் எல்லோரும் அவ்விதமே எழுதிக் கேட்க வேண்டும் என்றும், வரும் பதில்களையும், பதில் வராமையையும் நமது பத்திரிகைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.